எட்டு ஸ்டெப் வரைக்கும் செஸ்

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல். எனக்கு முன்னால் நாலு பேர். ஒரு வழியாக என் முறை வந்து, நர்ஸ் பெயரைக் கூப்பிட்டு, நானும் எழுந்து கதவில் கை வைத்த நேரம் பார்த்து எங்கோ ஒரு கம்பெனியில் டீ சைரன் ஊதியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்படியே திரும்பி, படியிறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்க்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டேன். பாதி குடித்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்று நினைவு வந்தது. திரும்பி ஓடினால் நாற்காலியில் வேறொருவர் வாயைத் திறந்து படுத்திருந்தார். "பயமா சார்?" என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பல்லோடு விடமாட்டார்கள், தலையையும் ஒரு படம் எடுக்கலாம் என்பார்கள்.

கம்பெனியில் லைன் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது ஏசி அறையில் உட்கார்ந்து, லாரி எங்கே வருகிறது என்று போன் பண்ணிக் கேட்கும் வேலை. ராஜினாமாக் கடிதம் கொடுத்தது நான்தான். என் கால்கள் இன்னும் கொடுக்கவில்லை.

அந்தக் கடை டீ நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அதில் குறை. எங்கள் கேன்டீன் டீக்கு ஒரு வாசனை உண்டு. டிரம்மில் மூன்றாவது தரம் கொதித்த டீத்தூளும், எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத கிரீஸும் கலந்த வாசனை. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் கூடவே ஒரு செஸ் போர்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனி அது. டிப்ளமோ முடித்த கையோடு தெற்கேயிருந்து வந்து டிரெய்னியாகச் சேர்ந்தேன். என் ஊர் கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே. ஆனால் இங்கே அத்தனை பேருக்கும் நான் 'கோயில்பட்டி'தான். என் பெயரைச் சரியாகக் காட்டியது கேட்டில் இருந்த பஞ்சிங் மெஷின் மட்டும். சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி ரூமில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருக்கும் மூன்று விதமான ஷிஃப்ட். ஒருவன் தூங்கும்போது ஒருவன் குளிப்பான், ஒருவன் வெங்காயம் வதக்குவான், இன்னொருவன் ஊரில் இருக்கும் அம்மாவோடு ஸ்பீக்கர் போட்டுப் பேசுவான். எனக்குத் தூக்கம் என்பது யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட சங்கதியாகிவிட்டது. காலையில் தலைவாரிப் போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பும் ஜெனரல் ஷிஃப்ட் ஆட்களை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வயிறெரிவேன்.

ஏழாம் நம்பர் ஸ்டேஷனில் நாங்கள் இரண்டு பேர். நானும் சவரிமுத்துவும். சவரி உள்ளூர்க்காரன், சேரப்பணஞ்சேரி தாண்டி, மாதா கோயில் இருக்கும் ஒரு தெருவில் வீடு. என்னைவிட இரண்டு வயது மூத்தவன், கான்ட்ராக்ட் ஆள். அவன் சட்டை சாம்பல் நிறம், என் சட்டை நீலம். சீட்டுச் சட்டத்தில் நாலு போல்ட்டைக் கணக்கான இறுக்கத்தில் முறுக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் ஆபத்து, கொஞ்சம் கூடினாலும் மரை போய்விடும். அந்தக் கை எனக்கு வாய்க்கவேயில்லை. சவரிக்கு வாய்த்திருந்தது. அதனால் போல்ட் போடுவது அவன்.

ஆனால் பாருங்கள், முறுக்கியவன் செக் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஸ்டேஷனில் கான்ட்ராக்ட் ஆள் நிற்கக் கூடாது என்று காகிதத்தில் ஒரு விதி இருந்தது. ஆகவே காகிதத்தில் அவன் நிற்கவில்லை. அவன் நாள் முழுக்க முறுக்குவான், நான் நாள் முழுக்க கையெழுத்துப் போடுவேன். எல்லா ஸ்டேஷனிலும் அதுதான் வழக்கம், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை. ஒரு வருஷத்தில் ஒரு போல்ட்கூடத் தளரவில்லை என்று எனக்கு ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். மேடையில் ஏறி வாங்கினேன். சவரி கீழே நின்று விசில் அடித்தான்.

ஒருநாள் நோட்டீஸ் போர்டில் செஸ் போட்டி என்று ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை, கேன்டீனில். அரையிறுதி ஜெயித்து இறுதிக்கு வரும் இரண்டு பேரும் மற்ற கம்பெனிகளோடு ஆடப் போவார்கள்; பயிற்சிக்காக அவர்களுக்கு மூன்று மாதம் ஜெனரல் ஷிஃப்ட். நான் அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தரம் படித்தேன். எனக்குத் தெரிந்த செஸ் குதிரை வளைந்து போகும் என்பதோடு சரி.

சவரியும் படித்தான். அவன் படித்தது வேறு வரி. 'கிளாக், மூவ்களை எழுத ஸ்கோர் ஷீட் உண்டு' என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் மாவட்ட அளவுக்கு ஆடியவன். பிளஸ் டூவோடு எல்லாம் நின்றுபோய், அதன் பிறகு போனில் முகம் தெரியாதவர்களோடு ஆடிக்கொண்டிருந்தான். "போன்ல ஆடறது ஒரு ஆட்டமாப்பா? தோத்தவன் மூஞ்சிய பாக்க வாணாவா?" என்பான். "ஒரே ஒரு கேம். கிளாக் வெச்சி, எதிர்ல ஆள் குந்திகினு, எழுதி ஆடணும். அவ்ளோதான்."

அன்று மதியமே பெயர் கொடுக்க எச்.ஆர். ஆபீசுக்குப் போனோம். எச்.ஆர். சார் கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுக்காமல், "எம்ப்ளாயி நம்பர் சொல்லுப்பா" என்றார்.

"கேட் பாஸ் நம்பர்தான் சார் கீது."

"அதப் போட்டா இந்த ஷீட்டு எடுத்துக்காதுப்பா. நெக்ஸ்ட்."

நெக்ஸ்ட் நான். என் நம்பரை ஷீட் ஆசையாக எடுத்துக்கொண்டது. சவரி வெளியே வந்து பைப்பில் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். பிறகு, "இன்னா கோயில்பட்டி, ஆடத் தெரியுமா உனுக்கு?" என்றான்.

"தெரியாது. நீ சொல்லிக் குடேன்."

"ஒரு கண்டிஷன். ஆடறத ஒழுங்கா எழுதணும். எய்தி எட்தாந்து காட்டு. நான் பாக்கணும்."

மறுநாள் பழைய ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் தாளின் பின்பக்கத்தில் ஒன்று எழுதிக்கொண்டு வந்தான். எங்கள் லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கு மேலும் ஒரு தாள் தொங்கும். ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் இரண்டு என்று, பக்கத்தில் சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்புப் படத்தோடு. அதே மாதிரி. ஸ்டெப் ஒன்று: ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம். ஸ்டெப் இரண்டு: அதற்கு இடப்பக்கச் சிப்பாய், இரண்டு கட்டம், எதிராளி தின்றால் தின்னட்டும், பதறாதே. ஸ்டெப் மூன்று: இடது குதிரை வெளியே. இப்படி எட்டாவது ஸ்டெப்பில் ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்புவது வரை. அடியில், எல்லாத் தாளிலும் இருப்பதுபோல, 'வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால்: நிறுத்து, கூப்பிடு, காத்திரு.'

"ஏன் ராணி சிப்பாய்? ராஜா சிப்பாயத் தள்ளுனா ஆகாதோ?" என்று கேட்டேன். ஏதோ விஷயம் தெரிந்தவன்போல இருக்கட்டுமே என்று.

"அத்த தள்ளுனா சண்ட சீக்கிரம் வந்துரும். உனுக்கு சண்ட போடத் தெரியாது. இது மெதுவா நவுரும், ஷிஃப்ட் பஸ்சு மாரி."

எனக்கு வெள்ளைக் காய் கிடைக்காவிட்டால் இந்தத் தாள் வெறும் தாள். அதற்கும் சவரி வழி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மேஜை நாற்காலி போட கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் எல்லா போர்டிலும் வெள்ளையை ஜன்னல் பக்கம் அடுக்கிவிட்டு, "நீ எப்பவும் மொதல்ல போயி ஜன்னலாண்ட குந்திக்கோ" என்றான். நிறத்துக்குக் குலுக்கல் போட வேண்டும் என்பது எச்.ஆர். சாருக்குத் தெரியாது. காற்றோட்டத்துக்காக ஜன்னல் பக்கம் உட்காருகிறேன் என்று நினைத்திருப்பார்.

முதல் சுற்றில் எனக்கு எதிராளி வரவில்லை. அவனுடைய சூப்பர்வைசர் மெஷின் துடைக்க அவனை ஓ.டி.யில் போட்டுவிட்டார். ஜெயித்தேன். இரண்டாவது ஆள் பிரஸ் ஷாப். அங்கே இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. அவர் ஒவ்வொரு மூவுக்கும் காயை வைத்துவிட்டு, செஸ் கிளாக்கையும் இரண்டு கையால் இரண்டு பக்கமும் பக்தியோடு அமுக்கினார். தன் பக்கத்தை மட்டும் அமுக்கினால் எதிராளியின் முள் ஓடும்; இரண்டையும் அமுக்கினால், பழைய மாடல் கிளாக், இரண்டு முள்ளும் நின்றுபோகும். எச்.ஆர். சார் மூன்று தரம் எச்சரித்துவிட்டு நாலாவது தரம் எனக்கு வெற்றி கொடுத்துவிட்டார். மூன்றாவது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஸ்டெப் இரண்டில் சிப்பாயைத் தின்றார், ஸ்டெப் ஆறில் ராணியை மறந்து நடு ரோட்டில் நிறுத்தினார். எனக்கே பாவமாகப் போய்விட்டது, ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

ஆக, ஒரு மூவ்கூட சொந்தமாக யோசிக்காமல் அரையிறுதிக்கு வந்துவிட்டேன்.

எதிரே பிரேமா மேடம். குவாலிட்டி. மறைமலை நகரில் இருந்து வருவார்; கையில் எப்போதும் ஒரு சிவப்பு மார்க்கர் இருக்கும். அவர் லைனில் நடந்து வந்தால் குனிந்திருக்கும் போல்ட்கூட நிமிர்ந்து நிற்கும் என்று சொல்வோம். ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். அவர் வைத்த எந்தக் காயும் சவரியின் படத்தில் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு என் தாள்படி போய்க்கொண்டிருந்தேன். எட்டாவது ஸ்டெப்பில் ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பினேன். மேடம் ஒரு குதிரையைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் கட்டினார். என் தாள் முடிந்துவிட்டது.

நிறுத்தினேன். கூப்பிட வழியில்லை, பேசினால் ஆட்டம் போச்சு. சவரி சுவரோரம் மடக்கு நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்று, கழுத்தை நீட்டி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காத்திருந்தேன். ஆளுக்கு அரை மணி நேரம். என் முள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டீ சைரன் ஊதியது.

ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாது, ஆனால் சைரன் தானாக ஊதும். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை. கேன்டீனில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தோம். நான் எழுந்தேன். மேடம் எழுந்தார். பக்கத்து மேஜையில் ராஜாவுக்குச் செக் சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லாமல் எழுந்தார். நடுவரான எச்.ஆர். சார் எல்லோருக்கும் முன்னால் போய் வரிசையில் நின்றார். இரண்டு மேஜையிலும் கிளாக் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எழாதவன் ஒருவன்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு டீ பத்து நிமிஷம் கழித்து, இரண்டாவது சைரனுக்கு. அது இன்னும் ஊதவில்லையே, அதனால் சவரி அங்கேயே நின்றான்.

கப்பை வாங்கித் திரும்பும்போது அவன் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்திருந்தான். ஓடும் முள்ளைக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேட்டதை அவன் வாயால் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டான். நான் பெரிய தியாகி இல்லை. நான் உட்கார்ந்தால் தோற்பேன், அவன் உட்கார்ந்தால் எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். தலையை ஆட்டினேன்.

உட்கார்ந்தான். ஒரு காயை நகர்த்தினான். தாளில் எழுதினான். கிளாக்கை அமுக்கினான், ஒரே கையால், ஒரே விரலால்.

தன் பக்கத்து முள் ஓடுவதைப் பார்த்து மேடம் பாதி பஜ்ஜியோடு ஓடி வந்தார். உட்கார்ந்தார். எதிரே வேறு முகம். இரண்டு வினாடி பார்த்தார். குவாலிட்டியில் இருக்கிறவருக்கு ஆள் மாறியது தெரியாதா? முடிந்தது கதை என்று நினைத்தேன். பிறகு குனிந்து போர்டைப் பார்த்தார். பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார்.

எச்.ஆர். சாருக்குச் சட்டை நிறம் தெரியும், முகம் தெரியாது. ஞாயிறு என்பதால் அன்று யாரும் யூனிஃபார்மில் இல்லை. அவர் நேராக என்னிடம் வந்து, "ஏம்ப்பா, சும்மா நிக்கிற? அந்த டேபிள தள்ளிப் போடு" என்றார். தள்ளிப் போட்டேன். பிறகு நாற்காலி மடக்கினேன், டம்ளர் பொறுக்கினேன். சவரியின் ஆட்டம் நடந்த நாற்பது நிமிஷமும் நான் சவரியின் வேலையைச் செய்துகொண்டிருந்தேன், அதுவும் அவன் அளவுக்கு நேர்த்தி இல்லாமல். நடுவில் இரண்டாவது சைரன் ஊதியது. அவனுடைய சைரன். அவன் எழுந்திருக்கவில்லை. அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

கடைசியில் மேடம் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டு, எழுந்து கை கொடுத்தார். சவரி இரண்டு கையாலும் வாங்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதத் தூக்கம் கண்முன் பாய் விரித்தது. மேஜைக்கு ஒரு ஸ்கோர் ஷீட்தான் கொடுத்திருந்தார்கள். அதில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேடம் போட்டார். சவரி பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தான். பிறகு நிதானமாகப் போட்டான்.

எச்.ஆர். சார் தாளைத் தூக்கிப் படித்தார். "சவரிமுத்து. யாருப்பா சவரிமுத்து?"

"நான்தான் சார்."

பஞ்சாயத்து ஆரம்பித்தது. நம்பர் கேட்டார், இல்லை. என்னைக் கூப்பிட்டார், டம்ளரோடு போனேன். மேடத்திடம் திரும்பி, "மேடம், உங்க கூட யாரு ஆடுனது?" என்றார்.

"எட்டு மூவ் அவரு. மீதி இவரு. கையெழுத்து கரெக்ட்டாதான் சார் இருக்கு. நான் தோத்துட்டேன்."

"கான்ட்ராக்ட் ஆளுகிட்ட நீங்க தோக்க முடியாது மேடம். லிஸ்ட்லயே இல்லாத ஆளு." சொல்லிவிட்டு ஷீட்டை நாலாகக் கிழித்து, பஜ்ஜித் தட்டுகள் கிடந்த டிரம்மில் போட்டார். மேடம் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார். இறுதி ஆட்டத்துக்குத் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டு மேடம் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

வெளியே வந்ததும் சவரியைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்ல இப்படிப் பண்ணுன? என் பேரப் போட்டா என்ன கொறஞ்சிருவ? மூணு மாசம் நிம்மதியாத் தூங்கியிருப்பேம்லா."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "போல்ட்டு நான் போட்டேன், கையெய்த்து நீ போட்ட. சரி. இது போல்ட்டு இல்லபா."

ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. துரோகி என்றே நினைத்தேன். ஏழாம் நம்பர் ஸ்டேஷனில் அவன் முறுக்க, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ நாள் கழித்து ஒரு கையெழுத்தின் நடுவில் பேனா நின்றது. அப்போது வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சான்றிதழை அம்மா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். ஊருக்குப் போனால் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். கான்ட்ராக்டர் மாறினார், புது கான்ட்ராக்டர் அவருடைய ஆட்களைக் கொண்டுவந்தார். செஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது எப்போதும் நடப்பதுதான். ஒரு திங்கட்கிழமை சவரியின் கேட் பாஸ் வேலை செய்யவில்லை. அந்த வாரம் எனக்கு மட்டும் மூன்றாவது ஷிஃப்ட். வந்து பார்க்கும்போது அவனுடைய இடத்தில் ஒடிசாப் பையன் ஒருவன் நின்றிருந்தான். மாதா கோயில் தெருவில் போய்க் கேட்டேன். குடும்பத்தோடு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. இப்போது போல்ட் முறுக்கும் கன் தானாகவே இறுக்கத்தின் அளவைப் பதிந்துகொள்கிறதாம், கையெழுத்தே கிடையாதாம். கேன்டீனில் பாதியை கோடவுனாக்கிவிட்டார்கள்.

போன வருஷம் மறைமலை நகரில் பிரேமா மேடத்தைப் பார்த்தேன். அன்று சவரி எப்படி ஆடினான் என்று கேட்டேன். "நல்லா அடிச்சாருப்பா. எப்படினு ஞாபகம் இல்ல" என்றார். ஆடியதை எழுதிக் காட்டு என்பதுதான் அவன் என்னிடம் கேட்ட ஒரே விஷயம். சில நாள் போர்டை எடுத்து வைத்து, ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, எட்டு மூவும் தப்பில்லாமல் வைத்துவிடுவேன். ஒன்பதாவதில் கை நின்றுவிடும். அவன் அதை வைத்தபோது நான் டீ கப்போடு தூரத்தில் நின்றிருந்தேன். கை நீண்டது தெரிந்தது. எந்தக் காயைத் தொட்டான் என்று பார்க்கவில்லை.